குளிர் கொல்லாத கள்ளியைக் கொன்றது எது?

என் டீமில் ஒரு நண்பர் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர். தொட்டி தொட்டியாகக் கள்ளி வளர்க்கும் பைத்தியம். நவம்பர் மாதம் ஒருநாள் கால் முடிகிற நேரத்தில் கேட்டார்: "நீங்க உசிலம்பட்டிப் பக்கம்தானே? கள்ளிக்காட்டு ஆளு. இங்க பனி கொட்டப் போகுது. செடிகளை வெளியிலயே விட்டா பொழைக்குமா, சொல்லுங்க."

எங்க ஊர்ல மார்கழிக் குளிர்னா காலையில ஒரு துண்டைத் தலையில சுத்திக்கிட்டு டீக்கடைக்குப் போறதுதான். பனிக்கும் எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். இருந்தாலும் கேள்வி மண்டைக்குள்ள உட்கார்ந்துகிச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே போனா சைதாப்பேட்டை, பிரேசில், இலங்கை, ஆஸ்திரேலியா, மொராக்கோன்னு சுத்தி மறுபடியும் எங்க ஊர் கண்மாய்க் கரைக்கே வந்து நின்னுச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், டீ ஒன்று போட்டு வைத்துக்கொண்டு படிக்கவும்.

முதலில் நண்பரின் கேள்விக்கு நேரான பதில்: பொழைக்கும். ஆனால் எல்லாக் கள்ளியும் இல்லை. கள்ளின்னாலே பாலைவனம், சூடு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் நம்ம ஊர் சப்பாத்திக்கள்ளி இருக்கிறதே, அந்த ஓபன்ஷியா பேரினத்தைச் சேர்ந்த சில வகைகள் கனடாவின் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா வரைக்கும் காட்டில் தானாகவே வளர்கின்றன. மைனஸ் 40 டிகிரியைத் தாங்கும் வகைகூட உண்டு. இத்தனைக்கும் ஸ்வெட்டர் கிடையாது :)

அது செய்யும் வேலை எளிமையானது. இலையுதிர் காலம் வந்ததும் தன் உடம்பில் இருக்கும் தண்ணீரை வெளியேற்ற ஆரம்பிக்கிறது. சப்பாத்தி மாதிரி இருந்த தண்டு சுருங்கி, சுருக்கம் விழுந்து, தரையோடு படுத்துக்கொள்கிறது. செல்லுக்குள் சர்க்கரைச் சத்து கூடுகிறது. வழவழப்பான பசை மீதித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பனிக்கட்டி உருவானாலும் செல்லுக்கு வெளியேதான் உருவாகும், செல் வெடிக்காது. பார்க்கிறவர்கள் செத்துப்போச்சு என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். வசந்தம் வந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி உப்பி நிமிர்ந்து நிற்கும்.

ஆக, குளிர்காலத்துக்குக் கள்ளி தயாராகும் வழி பட்டினி கிடப்பது. அந்த நேரத்தில் நாம் பாசத்தோடு தண்ணீர் ஊற்றினால்தான் ஆபத்து. தண்ணீர் நிறைந்த செடி உறையும், வேர் அழுகும். ஒட்டுமொத்தமாகச் சொன்னால் கள்ளிக்குக் குளிரை விட, குளிரோடு சேர்ந்த ஈரம்தான் எமன்.

இவ்வளவு கெட்டியான செடி ஒரு காலத்தில் தென் தமிழ்நாட்டையே வளைத்துப் போட்டிருந்தது. இன்று அந்தக் காடு இல்லை. பனி தொடாத ஊரில், பனிக்கே அசராத செடி எப்படிக் காணாமல் போனது?

எந்தக் கள்ளி?

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசியே ஆகணும். வெளியூரில் "உசிலம்பட்டி" என்று சொன்னால் அடுத்து வரும் வார்த்தை கள்ளிப்பால். 1986-ல் இந்தியா டுடே பத்திரிகை எங்கள் வட்டாரத்தின் பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை போட்டது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. நடந்தது நடந்ததுதான். அதை மூடி மறைக்கிற ஆள் நான் இல்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே "ஓ, கள்ளிப்பால் ஊரா?" என்று கேட்டார்கள். என்னோடு படித்த எங்கள் ஊர்ப் பெண்களிடமும் அதையே கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கள்ளி வேறு, இந்தக் கள்ளி வேறு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் யூஃபோர்பியா குடும்பம், அதாவது ஆமணக்குக்குச் சொந்தம். கீறினால் வெள்ளைப் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வருகிற கள்ளியும் இந்தக் கூட்டம்தான். 17-ஆம் நூற்றாண்டில் மலபாரில் டச்சுக்காரர்கள் தொகுத்த 'ஹோர்டுஸ் மலபாரிகஸ்' நூலில் திருகுகள்ளியின் உள்ளூர்ப் பெயர் பதிவாகி, அதிலிருந்து 1753-ல் லின்னேயஸ் எடுத்து 'யூஃபோர்பியா திருக்கள்ளி' என்றே வைத்துவிட்டார். நம்ம வார்த்தை அறிவியல் பெயராக உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று நாம் சொல்வது கேக்டஸ் குடும்பம். அதைக் கீறினால் பால் வராது, வழவழன்னு தண்ணிதான் வரும். இந்தக் குடும்பத்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். மரத்தில் தொற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்கிற ஒரே ஒரு இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே இருக்கிறது. மற்றதெல்லாம் கொலம்பஸுக்கு அப்புறம் கப்பலேறி வந்தவை. மிளகாய், நிலக்கடலை, தக்காளி வந்த அதே வழி.

இரண்டும் வேறு வேறு குடும்பம், வேறு வேறு கண்டம். வறட்சி என்கிற ஒரே கேள்விக்கு இரண்டும் ஒரே பதிலை எழுதியிருக்கின்றன: இலையைக் குறை, தண்டில் தண்ணீர் சேர், முள் வை. நம்ம முன்னோர்கள் புதுசாக வந்ததையும் பார்த்துவிட்டு இதுவும் கள்ளிதான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சிவப்புக் கோட்டுக்காக

சப்பாத்திக்கள்ளி நம்ம ஊரில் வேலிக்குப் பயன்பட்டது. ஒரு துண்டை வெட்டிப் போட்டால் போதும், வேர் விட்டுவிடும். ஆடு மாடு தாண்டாது. ஆனால் வெள்ளைக்காரனுக்கு அதன் மேல் வந்த ஆசைக்குக் காரணம் வேலி இல்லை, ஒரு பூச்சி.

மெக்சிகோவில் கள்ளியின் மேல் கோச்சினீல் என்கிற சின்னப் பூச்சி வளரும். நம்ம வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்குமே மாவுப்பூச்சி, பார்க்க அதே மாதிரி இருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அதைக் காயவைத்து எடுக்கும் சாயம் மாதிரி ஒரு சிவப்பு அன்றைக்கு ஐரோப்பாவில் கிடையாது. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவில் இருந்து போன ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்கு. ஸ்பெயின்காரன் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததால், இது விதையா பூச்சியா என்றுகூட ஐரோப்பாவில் ரொம்ப காலம் வாக்குவாதம் நடந்தது. 1777-ல் தியெரி தெ மெனோன்வில் என்கிற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் ஒஹாகாவுக்குப் போய், பூச்சியைச் செடியோடு கடத்தி கரீபியன் தீவுக்குக் கொண்டுவந்தார்.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் செக்கச்சிவந்த கோட்டுக்கும் இதே சாயம்தான். (சாதாரண சிப்பாய்க்கு மலிவான மஞ்சிட்டி வகைச் சாயம். கோட்டிலும் கிரேடு!) அதனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. மதராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-ல் சென்னைப் புல்வெளியில் ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு இதுதான் கோச்சினீல் என்று நினைத்து லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி தேறவில்லை. மனுஷன் விடவில்லை. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார்கள். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து செடி வந்தது. பார்த்துக்கொண்டவர் அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெரி. இன்றைக்கு டிராஃபிக்கில் நாம் முழி பிதுங்கி நிற்கும் சைதாப்பேட்டையில் ஒரு காலத்தில் வரிசை வரிசையாகக் கள்ளி! செடி ரெடி, பூச்சி மட்டும் இல்லை. சர்வரை ஏற்றி வைத்துவிட்டு சாஃப்ட்வேருக்குக் காத்திருந்த மாதிரி.

1795-ல் பூச்சியும் வந்தது. நீல்சன் என்கிற கேப்டன் பிரேசிலில் இருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து மதராஸுக்கும் வந்தது. ஆனால் அது மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நல்ல ஜாதிப் பூச்சி அல்ல. அதன் காட்டு உறவுக்காரன். சாயம் மட்டம். மெக்சிகோ சரக்கோடு போட்டி போட முடியாமல் 1800 வாக்கில் சைதாப்பேட்டைத் தோட்டம் மூடப்பட்டது.

பிராஜெக்ட் ஃபெயில். ஆனால் பூச்சி ஊருக்குள் இருக்கிறதே!

ஒரு பூட்டு, ஒரு சாவி

அந்தக் காட்டுப் பூச்சிக்கு ஒரு குணம். பிரேசில் பக்கத்துக் கள்ளி வகை ஒன்றை மட்டும்தான் அது தொடும். தொட்டால் சாறு முழுக்க உறிஞ்சிச் செடியைச் சாய்த்துவிடும். சாயத்துக்கு உதவாத பூச்சி கள்ளியை ஒழிக்க உதவும் என்று புரிந்ததும், 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வகைக் கள்ளி பெருமளவு அழிந்தது. 1860-களில் இங்கிருந்தே இலங்கைக்கும் கொண்டு போனார்கள். ஒரு களையை ஒழிப்பதற்காகவே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை அனுப்பி ஜெயித்த முதல் நிகழ்ச்சி என்று உலக வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுதான். உயிரியல் கட்டுப்பாடு பற்றிய பாடப்புத்தகங்களில் எல்லாம் வரும். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை அதோடு முடியவில்லை. இன்னொரு கள்ளி காத்திருந்தது. மஞ்சள் பூ, தடித்த மஞ்சள் முள், கருஞ்சிவப்புப் பழம். இன்று நாம் சப்பாத்திக்கள்ளி என்று கைகாட்டுவது பெரும்பாலும் இதைத்தான். பழைய பூச்சி இதைச் சீண்டவே சீண்டாது. ஒரு பூட்டுக்குச் செய்த சாவி இன்னொன்றைத் திறக்காதே. போட்டிக்கு இருந்த கள்ளி போனதும் இதற்கு ராஜயோகம். மேய்ச்சல் நிலம், கண்மாய்க் கரை, பாதையோரம் எல்லாம் புதர். வெட்டினால் விழுந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடி. எரித்தால் அடிவேரில் இருந்து முளைக்கும். பழத்தைத் தின்ற பறவை விதையை அடுத்த ஊருக்குக் கொண்டு போகும்.

கடைசியில் 1926-ல் இலங்கை வழியாக வட அமெரிக்க இனமான இன்னொரு கோச்சினீல் பூச்சி வந்தது. அதற்கு இந்தக் கள்ளிதான் விருந்து. ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1 லட்சம் ஏக்கர் கள்ளிக்காடு சாய்ந்தது. அரிவாள் இல்லை, மருந்து இல்லை, டிராக்டர் இல்லை.

அதன் மிச்சம்தான் எங்க அப்பத்தா காலத்துக் கள்ளி. "ஏய்யா, பழத்தை மண்ணுல நல்லா உரசணும். சுணை போகணும். நடுவுல நட்சத்திரமாட்டம் ஒரு முள்ளு இருக்கும், அதை எடுத்துப் போட்டுட்டுத்தான் திங்கணும். இல்லேன்னா தொண்டையில குத்திரும்" என்று அப்பத்தா சொல்லும்போதே நாக்கு ஊறும். தின்று முடித்தால் வாயெல்லாம் சிவப்பாம். பழச்சிவப்பு வேறு, பூச்சிச் சிவப்பு வேறு. பழத்தில் இருப்பது பீட்ரூட் வகை நிறம். பூச்சியில் இருப்பது கார்மினிக் அமிலம். 1856-க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் வந்து பூச்சிச் சிவப்பின் மார்க்கெட் படுத்துவிட்டாலும் ஆள் இன்னும் சாகவில்லை. சில தின்பண்டப் பாக்கெட்டுகளின் பின்பக்கம் 120 என்ற எண்ணில் ஒளிந்திருப்பார்.

குளிர் ஒரு காவல்

இப்போது நண்பரின் கேள்விக்கும் இந்த வரலாற்றுக்கும் முடிச்சுப் போடலாம்.

கோச்சினீல் குஞ்சுகள் காற்றில் பறந்துதான் அடுத்த செடிக்குப் போகும். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஒட்டின இடத்திலேயே உட்கார்ந்து சாறு குடித்தே ஆயுசை முடிக்கும். பலத்த மழை அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். குளிர் கூடினால் வளர்ச்சி மந்தமாகிவிடும். தென்னாப்பிரிக்காவிலும் இதே பூச்சியை விட்டார்கள். வறண்ட வெப்பமான உள்பகுதியில் அடித்து நொறுக்கியது, குளிர்ச்சியும் மழையும் உள்ள பகுதிகளில் அவ்வளவு எடுபடவில்லை. கள்ளி தாங்குகிற குளிரைப் பூச்சி தாங்காது. நாம் கள்ளியின் எதிரி என்று நினைக்கிற குளிரும் மழையும்தான் பல இடங்களில் அதற்குக் காவல். எங்கள் பக்கம் மாதிரி வருஷத்தில் முக்கால்வாசி வெயில் காயும் பூமியில் அந்தக் காவல் இல்லை. கள்ளிக்குச் சொர்க்கம் மாதிரி இருந்த சூடே பூச்சிக்கும் சொர்க்கம் ஆனது.

தமிழ்நாட்டில் உறைபனி விழும் இடம் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை ஊர்கள்தான். 1848-ல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில், பனிக்காலம் வந்தால் நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கிளைகளை வைத்து மூடுவார்கள். மேகம் இல்லாத இரவில் தரைச் சூடு வானத்துக்குப் போய்விடுவதால்தான் உறைபனி விழுகிறது. மேலே ஒரு மறைப்பு இருந்தால் அந்தச் சூடு கொஞ்சம் தங்கும், அவ்வளவுதான் விஷயம். குளிர் ஊரில் மென்மையான சதைச்செடி வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். ராத்திரி மேலே மறைப்பு, பகலில் வெயிலும் காற்றும், தொட்டியில் மண்ணை விடச் சரளை அதிகம், குளிர் முடியும் வரை தண்ணீர் கிட்டத்தட்ட நிறுத்தம்.

சமவெளியில் இருக்கும் நமக்கு உண்மையான குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். மதுரையில் மொட்டை மாடிக் கள்ளி செத்தால் பெரும்பாலும் அந்த மாதங்களில் அழுகித்தான் சாகும். தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள், போதும்.

டென்வர் நண்பருக்கு நான் சொன்னதும் இதுதான். அந்த ஊர்ப் புல்வெளியிலேயே பிறந்த கள்ளியை நிலத்தில் விட்டுவிடுங்கள், அது பார்த்துக்கொள்ளும். மெக்சிகோ நாட்டுப் பழக்கள்ளி மைனஸ் 10 பக்கம் போனாலே தாங்காது, வீட்டுக்குள்ளே தூக்குங்கள். எல்லாம் கள்ளிதானே என்று ஒரே கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த பூச்சி

ஆஸ்திரேலியாவுக்கு 1788-ல் முதல் கப்பல் கூட்டத்தோடு போன கள்ளியும் இதே சிவப்புச் சாயத்துக்காகத்தான் போனது. பின்னால் வேறு வகைகளும் சேர்ந்து 1925 வாக்கில் 6 கோடி ஏக்கரைப் பிடித்தன. 1926-ல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சியை விட்டு அதைச் சாய்த்தார்கள். நன்றிக்கடனாக குயின்ஸ்லாந்தில் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு மண்டபமே கட்டினார்கள்.

மொராக்கோவில் கதை தலைகீழ். அங்கே சப்பாத்திக்கள்ளி விவசாயிக்குப் பழமும் வேலியும் கொடுக்கும் செடி, ஆடு மாடுகளுக்குத் தீவனம். 2014-ல் அங்கே கோச்சினீல் நுழைந்தது. இங்கே 1926-ல் வந்து நம்மைக் காப்பாற்றிய அதே இனம். ஊர் ஊராகக் கள்ளித் தோட்டங்கள் காய்ந்தன. ஒரே பூச்சி, இங்கே சாமி, அங்கே பேய்.

இதை இப்போது எழுதக் காரணம் சீமைக்கருவேலம். 1870-களில் மதராஸ் மாகாணத்துக்கு விறகுக்காகவும் வறட்சிக்காகவும் வந்த மரம். இன்று எங்கள் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது, ஜேசிபி எல்லாம் இறங்கியது, கொஞ்ச நாளில் மறுபடி முளைத்தது. "கள்ளியை ஒழிச்ச மாதிரி இதுக்கும் ஒரு பூச்சியை விட வேண்டியதுதானே?" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் முயன்றிருக்கிறார்கள். ஆனால் அந்த மரத்தால் பிழைப்பவர்களும் இருந்ததால், மரத்தைத் தொடாமல் விதையை மட்டும் தின்னும் வண்டாகப் பார்த்து விட்டார்கள்.

இங்கே அதைவிடச் சிக்கல். கள்ளியை ஒழித்தபோது இந்திய மண்ணில் அதற்குச் சொந்தக்காரச் செடி எதுவும் காட்டில் கிடையாது. பூச்சி தவறிப்போய் வேறு எதையும் தின்ன வழியில்லை. சீமைக்கருவேலத்துக்கு இங்கே நெருங்கிய சொந்தம் இருக்கிறது. கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் நம்ம வன்னி மரம். கொஞ்சம் தள்ளி நாட்டுக் கருவேலம். வருகிற பூச்சிக்கு எது சீமை, எது நாடு என்று தெரியணும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் கணக்கும் வேணும்.

1795-ல் கப்பலில் ஏற்றும்போது எந்தப் பூச்சி, எந்தச் செடி என்று ஒருத்தரும் சரிபார்க்கவில்லை. அதிலிருந்து 131 வருஷமும் இரண்டாவது ஒரு பூச்சியும் தேவைப்பட்டது. இந்த முறை பூச்சியை இறக்குவதற்கு முன்னால் வன்னி மரத்தடியில் வைத்துச் சோதித்துவிட்டு இறக்கட்டும்.